மழையில் மட்டும் நின்றுபோன விசிறி

சென்ற மாதம் பிரதாபன் தொலைபேசியில் அழைத்தான். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வாகனத் திருத்துமிடத்தில் மின்பகுதியைப் பார்ப்பவன் அவன். நுவரெலியாவுக்குப் போய்வந்த வேன் ஒன்றில் ஹீற்றர் விசிறி இடைக்கிடை நின்றுபோகிறதாம். கணினியை அதில் இணைத்துப் பூட்டிப் பார்த்தால் பிழை ஒன்றும் காட்டவில்லையாம்.

"எல்லாம் சரி எண்டு காட்டுது அண்ணன். ஆனா நிக்குது. என்ன செய்ற?"

"வாகனத்த ஓடின ட்றைவர் எங்க?"

"வேன் திறப்பத் தந்திட்டு வீட்ட போயிட்டான்."

"அவனக் கூப்பிடு. முதல் அவனோட கத. மறுகா மோட்டரத் தொடலாம்."

அந்த வார்த்தை என் சொந்த வார்த்தை அல்ல. எங்கள் போர்மன் டெரன்ஸிடமிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டது. பிரதாபனிடம் அதைச் சொன்னேன். "புதுசா வந்த ஆக்களுக்கு டெரன்ஸ் பாஸ் ஆரெண்டே தெரியா. அந்த அம்புலன்ஸ் கதைய ஒருக்கா எழுதுங்க" என்றான். கையில் மீற்றர் பிடித்த காலம் முழுக்க நான் பேனா பிடித்தது குறைவு. நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

என் ஊர் உன்னிச்சைப் பக்கம். வேளாண்மைக் குடும்பம். சண்டைக் காலத்தில் வயல் வட்டைக்குப் போக வழியில்லாமல் போனதும் அப்பா என்னை மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு டைனமோ சுற்றும் கடையில் கொண்டுவந்து விட்டார். அங்கே சில வருடங்கள் கறுத்துப்போன செம்புக் கம்பிகளோடு கழிந்தன. பிறகு அரசாங்கத் திருத்துமிடத்தில் வேலை கிடைத்தது. கதவெல்லாம் துளை விழுந்த வாகனங்கள் வந்த நாட்களும் உண்டு. யார் அதில் இருந்தார்கள் என்று கேட்காமல் வயர்களை மட்டும் பார்த்துத் திருத்தி அனுப்பினோம். அந்த நாட்களைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

டெரன்ஸ் எங்களிடம் மாற்றலாகி வந்தபோது நான் நன்றாக வேலை பழகியவன். அவருக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. போர்த்துக்கேயர் வழிவந்த பட்டணத்துப் பறங்கியர் குடும்பம். தகப்பன் வழியில் எல்லோரும் இரும்பு வேலைக்காரர். வீட்டில் தாயோடு பறங்கிப் பாஷை பேசுவார், எங்களோடு எங்களைவிடச் சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிட்டோம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வாகனத்தின் கதவைத் தொடுமுன் துணியில் கையைத் துடைப்பார். பழுதென்று ஒரு வாகனம் வந்தால் முதலில் மரக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போடச் சொல்வார். கதிரை சாரதிக்கு. தேநீரும் வரும். அவர் நின்றுகொண்டே கேட்பார். எப்போது நிற்கிறது? ஏறும்போதா, இறங்கும்போதா? அப்போது வேறு என்ன போட்டிருந்தாய்? கடைசியாக எப்போதும் ஒரு கேள்வி: "வாகனம் எங்க படுக்குது?"

இரவில் எங்கே நிறுத்துகிறாய் என்று அதற்கு அர்த்தம். முதல் தடவை கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கமத்தொழில் அதிகாரி ஒருவரின் வாகனம் உன்னிச்சையிலிருந்து வந்திருந்தது. உள்விசிறி இரைந்து இரைந்து நின்றுவிட்டது. மோட்டரை மாற்றவேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். டெரன்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார். அறுவடை தொடங்கியதிலிருந்து நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குள் என்றான் சாரதி. விசிறியைக் கழற்றினோம். அதன் கூட்டுக்குள் வைக்கோலும் பதரும் பஞ்சுமாக ஒரு எலிக் கூடு. மோட்டர் நல்ல மோட்டர். துடைத்துப் பூட்டியதும் சுழன்றது. அதன் பிறகு அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை.

அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் பியூஸ், அடுத்து ஸ்விச், அதற்கடுத்து மோட்டருக்கு மின் வந்து சேர்கிறதா என்பது. இவ்வளவும் எல்லா இடத்திலும் செய்வார்கள். அவர் அதோடு விடமாட்டார். வந்த மின் திரும்பிப் போகிறதா என்றும் பார்ப்பார். வாகனத்தில் மின் திரும்பும் வழி அதன் இரும்பு உடம்புதான். கறுப்பு வயர் ஒன்றை உடம்பில் திருகாணியோடு இறுக்கியிருப்பார்கள். அதை நாங்கள் எர்த் என்போம். "வாறதப் பாக்க எல்லாருக்கும் தெரியும் வேல். போறத ஆரும் பாக்கிறதில்ல" என்பார் என்னிடம்.

இப்போது அம்புலன்ஸுக்கு வருகிறேன்.

மாவட்டத்தின் வடக்குக் கரையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் வாகனம் அது. யப்பானில் பாவித்தபின் வந்த வேன். நோயாளி படுக்கும் பின்பகுதியில் தனியாக ஒரு ஹீற்றர் இருந்தது. எஞ்சினின் சுடுநீர் ஒரு சிறிய கூட்டுக்குள் ஓடும், அதன் பின்னால் விசிறி, முன்னால் கம்பி வலை. எங்கள் ஊர் வெயிலில் ஹீற்றரை யார் தேடுவார்கள்? பல வாகனங்களில் அதன் குழாய்களையே அடைத்துவிடுவார்கள். இந்த வாகனத்தில் அடைக்கவில்லை. காரணம், மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகள். அவ்வளவு சின்ன உடம்பு தன் சூட்டைத் தானே பிடித்துவைக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

மாரி தொடங்கி மழை விடாத ஒரு நாள் பின்னேரம், கதிரவெளியைச் சேர்ந்த கலாவதி என்ற பெண்ணுக்கு அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் காலத்துக்கு முந்திப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இருவரையும் உடனே பட்டணத்துக்கு அனுப்பினார்கள். தாய் படுக்கையில், பிள்ளை தாதியின் நெஞ்சோடு. வாகனத்தை ஓட்டியவன் யோகன், களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன், வடக்கே வேலைக்கு வந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தவன். பாதையில் பல இடங்களில் வெள்ளம் குறுக்கறுத்தது. ஊர்ந்துதான் போக முடிந்தது. பட்டணம் சேர்ந்தபோது பிள்ளை குளிர்ந்துபோயிருந்தது. அடுத்த நாள் இறந்துவிட்டது. தாய் பிழைத்தாள்.

பின்னால் குளிராக இருந்ததென்று மயக்கத்துக்குள்ளும் கலாவதிக்குத் தெரிந்திருக்கிறது. தாதியும் உள்ளதைச் சொன்னார். புறப்படும்போது சூடான காற்று வந்தது, பிறகு வரவில்லை, சாரதி அதை நிறுத்தினாரா தெரியாது, நான் பிள்ளையிலேயே கண்ணாக இருந்தேன் என்றார். மழையில் முன்கண்ணாடிக்குள் மூச்சாவி படிந்து புகார் பிடிக்கும். அதைப் போக்கச் சாரதிகள் ஏசி போடுவது வழக்கம். இவை இரண்டும் சேர்ந்து ஊரில் ஒரு கதையாகிவிட்டது. ட்றைவர் தன் கண்ணாடி தெளிய வேண்டும் என்பதற்காக ஹீற்றரை நிப்பாட்டி ஏசியைப் போட்டுப் பிள்ளையைக் கொன்றுபோட்டான் என்பதுதான் அந்தக் கதை. யோகன் கதிரவெளிச் சந்தியில் தேநீர் குடிக்கப் போனால் கடையில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்களாம்.

விசாரணை தொடங்கியது. வந்த அதிகாரி நிதானமானவர். அவர் கேட்ட முதல் கேள்வி எங்கள் திருத்துமிடத்தைப் பற்றியது. அந்த ஹீற்றர் விசிறி இடைக்கிடை வேலை செய்வதில்லை என்று மாரிக்கு முன்னரே வாகனம் எங்களிடம் வந்திருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தவர் டெரன்ஸ். பியூஸ் நல்லது, மோட்டர் நல்லது, விசிறி வேகமாகச் சுழன்றது, பிழை இல்லை என்று அனுப்பியிருந்தார். அப்படியானால் மழை நாளில் விசிறி ஓடாததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். யோகன் அதை நிறுத்தியிருக்க வேண்டும். டெரன்ஸின் வார்த்தை யோகனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

டெரன்ஸ் அதிகாரியிடம், "நான் திரும்ப ஒருக்கா அந்த வாகனத்தப் பாக்கணும். ஓடின ஆளும் கூட வரணும்" என்று கேட்டார். அதிகாரி சம்மதித்தார்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலையில் யோகன் வாகனத்தைக் கொண்டுவந்தான். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. மரக் கதிரை வந்தது. அவன் உட்காரவில்லை.

"இரிங்க யோகன்."

"என்னத்துக்கு ஐயா? நல்லா இரிக்கு எண்டு நீங்கதானே அனுப்பினீங்க. நான்தான் பிள்ளய கொண்டுபோட்டனாம். ஊரே சொல்லுது."

டெரன்ஸ் அவன் முகத்தைப் பார்த்தபடி சொன்னார். "அண்டைக்கு நீங்க வரல. வேற ஒராள் கொண்டுவந்து விட்டிட்டுப் போனவர். இடைக்கிட நிக்குது எண்டதுக்கு மேல அவருக்குச் சொல்லத் தெரியல. நானும் உங்களத் தேடிக் கேக்கல. இப்ப கேக்கிறன். இரிங்க."

யோகன் உட்கார்ந்தான். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை.

"வெளிக்கிடக்குள்ள தூறல்தான். ஹீற்றரப் போட்டன். காத்து வந்தது. நேர்ஸ் மிஸ்ஸும் வருது எண்டு சொன்னா. கொஞ்சத் தூரம் போக மழை கொட்டத் தொடங்கிற்று. வைப்பர கூட்டிப் போட்டன். இருட்டிக்கொண்டு வந்தது, லைட்டப் போட்டன். பனிச்சங்கேணிப் பாலத்துக்கிட்ட ரோட்டுல மாடு. சைரன் அடிச்சன். அப்ப…" என்று நிறுத்தினான்.

"அப்ப?"

"சொன்னா சிரிப்பீங்க. பல்லி சொல்லிச்சு ஐயா. எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு. இந்தப் பிள்ள தப்பாது போல எண்டு நினைச்சன்."

எங்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். டெரன்ஸ் கொஞ்சமும் சிரிக்கவில்லை.

"பல்லி எந்தப் பக்கம் சொன்னது?"

"இடப்பக்கம். டாஷ்போட்டுக்குள்ள."

"ஒருக்காச் சொன்னதா, கனதரமா?"

"விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தது. பட்டணம் வரைக்கும்."

"அதுக்கு முதல் எண்டைக்காவது சொன்னதா?"

யோகன் யோசித்தான். "போன மாரியிலயும் ஒருக்காக் கேட்டது. அண்டைக்கும் மழை."

டெரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வேல், வெயில் நாளில நாம அந்த விசிறிய மட்டும் போட்டுப் பாத்திருக்கிறம். மழைக்குள்ள என்னெல்லாம் ஓடிச்சோ அதெல்லாத்தையும் இப்ப போடு. ஒவ்வொண்டா."

யோகனையே சாரதி ஆசனத்தில் ஏறச் சொன்னார். எஞ்சின் சூடாகும் வரை காத்திருந்தோம். பின் ஹீற்றரைப் போட்டான். நான் பின்னால் ஏறிக் கம்பி வலைக்கு முன்னால் கையை வைத்தேன். சூடான காற்று நன்றாக வந்தது. ஹெட்லைட் போட்டான். விசிறியின் இரைச்சல் ஒரு படி இறங்கியது. கவனிக்காதவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. இரைச்சல் இன்னும் இறங்கியது.

"சைரன்" என்றார் டெரன்ஸ்.

சைரன் எழுந்தது. அதற்குள்ளும் டாஷ்போட்டின் இடப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். என் உள்ளங்கையில் காற்று நின்றது. வந்தது. மறுபடி நின்றது.

"இதுதான்! ஐயா, இதுதான் அந்தப் பல்லி!" என்று கத்தினான் யோகன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்ரீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் அழுதானா என்று நாங்கள் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் ரிலேயின் சத்தம். விசிறி போன்ற பெரிய மோட்டருக்கு ஸ்விச்சிலிருந்து நேரே மின் போகாது. இடையில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். ஸ்விச் போட்டால் அதற்குள் காந்தம் இழுத்து வழியைத் திறக்கும். காந்தத்துக்குப் போதிய வலு கிடைக்காவிட்டால் கைவிட்டுவிடும், கிடைத்ததும் திரும்ப இழுக்கும். அதுதான் டிக், டிக். காந்தத்துக்கு ஏன் வலு போதவில்லை என்பதே இனிக் கேள்வி.

நான் சோதனை விளக்கை எடுத்தேன். நுனியில் சின்ன பல்ப் பூட்டிய ஊசி அது. அதன் வாலைப் பற்றரியின் பிளஸில் கொடுத்து, ஊசியை விசிறியின் கறுப்பு வயரில் வைத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது. "எர்த் நல்லா இரிக்கு பாஸ்."

"அத நம்பாத. அந்தப் பல்ப் குடிக்கிறது ஒரு சொட்டு. ஒரு சொட்டுப் போகத் துருவுக்குள்ளயும் வழி இரிக்கும். மீற்றரப் பூட்டு. பற்றரியிட மைனஸில ஒரு கால், கறுப்பு வயரில ஒரு கால். மறுகா எல்லாத்தையும் போட்டுப் பாரு."

முள் மீற்றரைப் பூட்டினேன். பழுதில்லாத எர்த் என்றால் முள் அசையக் கூடாது. விசிறி மட்டும் ஓடியபோது கொஞ்சம் எழுந்தது. லைட் போட மேலும் எழுந்தது. வைப்பர் போட இன்னும். சைரனோடு பாதிக்கு வந்து நின்று துடித்தது.

அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எங்கள் வட்டைதான் மனதில் வந்தது. வடிச்சல் வாய்க்காலில் சேறு அடைத்திருந்தாலும் ஒரு வயலின் தண்ணீர் எப்படியோ வடிந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வரம்பை வெட்டினால் வாய்க்கால் தாங்காது, தண்ணீர் ஏறித் திரும்பி வயலுக்குள்ளேயே வரும். இங்கேயும் அதுதான் நடந்தது. லைட், வைப்பர், சைரன், விசிறி எல்லாம் ஒரே ஆணி வழியாகத்தான் மின்னைத் திருப்பி அனுப்பின. வெயில் நாளில் விசிறி தனியாக ஓடும்போது அந்த ஆணி சமாளித்தது. மழையில் எல்லாம் சேர்ந்து ஓடும்போது அதால் முடியவில்லை.

ஆணியைத் தேடினோம். இடப்பக்க மிதிபலகைக்குக் கீழே இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. இறுக்கமாக இருந்தது, மேலே பெயின்ற்கூட அடித்திருந்தது. கழற்றினேன். வயர் நுனியில் உள்ள வளையக் கண்ணுக்கும் இரும்புக்கும் இடையில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் உதிர்ந்தது. டெரன்ஸ் கொஞ்சத்தை விரலில் எடுத்து நுனி நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார். பிறகு யோகனிடம், "வாகனம் எங்க படுக்குது?"

"கடற்கரப் பக்கம் ஐயா. கொட்டில் இல்ல. வாவித் தண்ணி ஏறினா ரோட்டுலயும் அதுக்குள்ளாலதான் போறது."

டெரன்ஸ் விரலைத் துணியில் துடைத்தார். அந்தக் கேள்வியையும் அவர் அன்றைக்குக் கேட்டிருக்கவில்லை.

இரும்பு வெள்ளையாக மின்னும் வரை நான் சுரண்டினேன். புதுக் கண் வைத்து, புது ஆணியால் இறுக்கி, கிறீஸ் பூசினேன். அது போதாதென்று ஹீற்றர் விசிறிக்கு மட்டும் பற்றரியிலிருந்து நேரே ஒரு தடித்த கறுப்பு வயரை இழுக்கச் சொன்னார் டெரன்ஸ். முடிந்ததும் பழையபடி எல்லாவற்றையும் போட்டோம். மேலே குழாய்த் தண்ணீரையும் அடித்தோம். முள் அசையவில்லை. பல்லியும் சொல்லவில்லை.

அதிகாரியை அழைத்து டெரன்ஸ் பழைய ஆணியைக் காட்டினார். ஏற்கெனவே பிழையில்லை என்று சொன்னவர் தானே என்றும், தான் பார்த்தது அரைகுறை என்றும் சொன்னார். அதிகாரி ஆணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோகன் மேல் குற்றமில்லை என்று முடிவாயிற்று. டெரன்ஸுக்கு எச்சரிக்கை வந்தது.

முடிவு வந்த பிறகும் யோகனின் முகம் தெளியவில்லை. வாகனத்தை எடுத்துப் போக வந்த அன்று டெரன்ஸிடம் கேட்டான். "ஐயா, அண்டைக்கு அது ஓடியிருந்தா பிள்ள தப்பியிருக்குமா?"

எந்த வாகனத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் அளந்து பதில் சொல்லும் மனிதர் அவர். "தெரியா யோகன்" என்றார். "டொக்டரிட்டயும் கேட்டன். சரியான சின்னப் பிள்ள, நெஞ்சும் வளரல, சொல்லேலா எண்டார்."

"விசாரணையில சொன்னது சரி. கதிரவெளியில ஆர் சொல்ற?"

டெரன்ஸ் கையைத் துடைத்தார். "நாம போய்ச் சொல்லுவம். வேல், நீயும் ஏறு."

மூவரும் அந்த அம்புலன்ஸிலேயே போனோம். வாவி ஓரத்தில் வெள்ளம் வற்றத் தொடங்கியிருந்தது. வலை காயப்போட்ட ஒரு வளவின் முன்னால் யோகன் நிறுத்தினான். ஸ்ரீயரிங்கை விடாமல் உள்ளேயே இருந்தான். கலாவதியின் புருசன் சிவம் வெளியே வந்தான். வாகனத்தைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

"இதை இஞ்ச ஏன் கொண்டுவந்தீங்க? எடுங்க. எடுத்திட்டுப் போங்க."

டெரன்ஸ் இறங்கி அவன் முன்னால் போய் நின்றார். "தம்பி, நான் வாகனம் திருத்துற ஆள். ஒண்டு சொல்லிட்டுப் போறன். அண்டைக்கு இவர் ஏசி போடல. ஹீற்றரப் போட்டுத்தான் வந்தவர். அது நிண்டுபோச்சு. நிண்டது இவருக்குத் தெரியா. அதுக்கு முதல் அந்த வாகனத்தப் பாத்து நல்லா இரிக்கு எண்டு அனுப்பினது நான்."

சிவத்தின் கை இறுகியது. அடித்துவிடுவான் என்று பயந்து நான் இரண்டடி முன்னால் போனேன். டெரன்ஸ் அசையாமல் நின்றார். அப்போது வீட்டு வாசலில் கலாவதி வந்து நின்றாள். மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இப்ப ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும் புள்ள."

"மழைக்குள்ளயும்?"

"மழைக்குள்ளயும்."

"எனக்குக் காட்டுங்க."

சிவம் "வேணாங் கலா" என்றான். அவள் கேட்கவில்லை. தானே நடந்து வந்து பின்கதவால் ஏறி, தான் படுத்து வந்த அந்தப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டெரன்ஸ் யோகனிடம் தலையசைத்தார். அவன் எஞ்சினை உயிர்ப்பித்தான். ஹீற்றர், லைட், வைப்பர் எல்லாம் போட்டான். சைரனைப் போட அவன் கை தயங்கியது. "அதையும் போடுங்க" என்றாள் அவள். அக்கம்பக்கத்துச் சனம் வேலியோரம் ஓடிவந்தது.

அவள் கம்பி வலைக்கு முன்னால் கையை விரித்துப் பிடித்தாள். காற்று நிற்காமல் வந்தது. வெளியே நல்ல வெயில். வாகனத்தின் பின்பகுதிக்குள் ஹீற்றர் வெக்கையும் சேர்ந்து அவள் கழுத்தால் வேர்வை ஓடியது. கையை எடுக்கவில்லை. டெரன்ஸ் கதவோரம் நின்றார். சைரனை நிறுத்தச் சொல்லி அவள் மற்றக் கையைக் காட்டினாள். பிறகு விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இப்பிடித்தான் வந்திருக்கணுமா?" என்றாள்.

"ஓம் புள்ள. இப்பிடித்தான்."

அவள் நெடுநேரம் அப்படியே இருந்தாள். கடைசியில் அவளே இறங்கினாள். முன்பக்கமாகப் போய், ஸ்ரீயரிங்கைப் பிடித்தபடி இருந்த யோகனைப் பார்த்தாள்.

"நீங்க ஹீற்றரப் போடல எண்டுதான் நானும் நினைச்சன் அண்ணன்" என்றாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் புறப்பட்டோம். வாகனத்தைத் திருப்ப இடம் போதவில்லை. அதுவரை வேலிக் கம்பைப் பிடித்தபடி நின்ற சிவம் வந்து, காயப்போட்ட வலையைச் சுருட்டி ஒரு பக்கம் எடுத்துவைத்தான். யோகன் பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திருப்பினான். சிவம் அவன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். முகத்தைப் பார்க்காமல், பாதையைப் பார்த்தபடி சொன்னான்.

"பாலத்தடியில இன்னும் தண்ணி நிக்குது. பாத்துப் போங்க."